புஷ் விமானி வேலை: உரிமம் எடுத்த பிறகு வரும் இரண்டு வருடங்கள்

பிள்ளை விமானி ஆகப் போகிறேன் என்று சொன்னதும் எமது பெற்றோரின் கண்முன்னே வருவது பெரிய ஜெட் விமானமும் தோளில் நான்கு பொன்னிறக் கோடுகளும்தான். கனடாவில் அந்தக் கோடுகளுக்குப் போகும் பாதை பல வேளைகளில் வடக்கே ஓர் ஏரிக்கரையில், மிதவை பூட்டிய சிறு விமானத்துக்குப் பெற்றோல் நிரப்பும் வேலையில் தொடங்குகிறது. இதை விளம்பரத் துண்டுகளில் யாரும் அச்சடிப்பதில்லை. வருமான வரிக் கோப்புகளோடு என்னிடம் வரும் குடும்பங்களில் சிலர், “அண்ணை, வீட்டை ஈடு வைக்கலாமோ, சீட்டை எடுக்கலாமோ” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை எழுத்தில் வைக்கிறேன். நான் விமானி அல்ல, கணக்காளன். அதனால் கணக்குப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

புஷ் என்று இங்கே சொல்வது வீதி போய்ச் சேராத காட்டுப் பிரதேசத்தை. அங்கே பால்மாவும் மருந்தும் ஆசிரியரும் நோயாளியும் விமானத்தில்தான் போய் வரவேண்டும். 1919 இல் ஸ்ருவர்ட் கிரஹாம் என்பவர் கியூபெக்கில் காட்டுத்தீயைக் கண்காணிக்க ஒரு பறக்கும் படகைக் கொண்டுவந்ததைக் கனடாவின் புஷ் பறப்புக்குத் தொடக்கமாகக் கொள்வார்கள். 1926 இல் ஒன்ராரியோவின் ரெட் லேக்கில் தங்கம் தேடிப் போனவர்களையும் அவர்களுடைய சாமான்களையும் இப்படியான விமானங்கள் ஏற்றின. பிறகு 1947 இல் பீவர், 1965 இல் ருவின் ஒட்டர் என்று இந்த வேலைக்கென்றே விமானங்கள் பிறந்தன. இரண்டும் ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் செய்யப்பட்டவை. எங்கள் சனம் எத்தனையோ வருடங்களாக அந்தப் பக்கத்தால் வேலைக்குப் போய் வருகிறது. இலங்கைக்குப் பக்கத்தில் மாலைதீவின் ஹோட்டல் தீவுகளுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பறப்பவையும் இதே ருவின் ஒட்டர்கள்தான். அவற்றை ஓட்டப் போன கனடிய விமானிகள் பலர்.

முதலில் உரிமம். கனடாவில் தனியார் விமானி உரிமத்துக்கு ஆகக் குறைந்தது 45 மணி நேரப் பறப்பு வேண்டும். வேலைக்கான வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரமும் 18 வயதும் முதலாம் வகை மருத்துவச் சான்றிதழும் வேண்டும். மிதவை விமானத்துக்கான தகுதி தனியானது. சட்டம் கேட்பது 7 மணி நேரப் பயிற்சிதான். ஆனால் 7 மணி நேரத்தோடு வருபவரைக் காப்புறுதிக் கம்பனி ஏற்காது என்று முதலாளிமார் கையை விரித்து விடுவார்கள். 50 மணி நேர மிதவைப் பயிற்சி என்று பள்ளிகள் விற்பது அதனால்தான். இவை எல்லாம் சேரும்போது செலவு 80,000 டொலரைத் தாண்டுவது வழமை.

ஒரு சதம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது மருத்துவச் சோதனை. நிறக்குருடு இருக்கிற பிள்ளைக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கும். எமது குடும்பங்களில் சீனி வருத்தம் பரம்பரையாக வருகிறது, இதயத் துடிப்பில் குறை இருக்கலாம். முதலாம் வகைச் சான்றிதழ் கையில் கிடைத்த பிறகு பள்ளிக்குப் பணம் கட்டுங்கள்.

உரிமம் எடுத்த அன்று பிள்ளையின் பறப்புப் பதிவேட்டில் 200 அல்லது 250 மணி நேரம் இருக்கும். பெரிய விமானங்களுக்கான உயர் உரிமத்துக்கோ 1,500 மணி நேரம் வேண்டும். இடையில் உள்ள பள்ளத்தை நிரப்புவதுதான் புஷ் வேலை. அதற்குள்ளும் நேரே ஏற விடமாட்டார்கள். சூ லுக்கவுட், பிக்கிள் லேக், ரெட் லேக், யெலோனைஃப் போன்ற இடங்களில் புதியவர் முதலில் தரிப்பிடத்திலோ ஏரித் துறையிலோ நிற்பார். மூட்டை ஏற்றுவார், பனி தள்ளுவார், இறக்கையில் படிந்த உறைபனியைத் துடைப்பார், கழிவறையும் கழுவுவார். ஒரு பருவமோ இரண்டு பருவமோ போன பிறகுதான் ஆசனம் கிடைக்கும். சிலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. முகாமைத்துவம் மாறினால் முன்னர் கொடுத்த வாய்ச்சொல்லும் போய்விடும். என்னிடம் வரும் ஒரு பிள்ளை பதினெட்டு மாதம் மூட்டை ஏற்றி, 20 மணி நேரம்கூடப் பறக்காமல் திரும்பி வந்தது. கையில் எழுத்தில் ஒன்றுமில்லை.

ஆகவே குடும்பம் போட வேண்டிய கணக்கு பள்ளிச் செலவோடு நிற்கக் கூடாது. உரிமத்துக்குப் பின்னர் இரண்டு வருடம், அடிமட்டச் சம்பளத்தில் பிள்ளை வடக்கே வாடகை கட்டி வாழ, இங்கே கடன் தவணை யார் கட்டுவது? வீட்டு ஈட்டுக் கடனில் எடுத்த பணத்தின் வட்டிக்கு மாணவர் கடன் வட்டிக்கான வரிச் சலுகை கிடைக்காது. அது அரச மாணவர் கடனுக்கு மட்டும் உரியது. தண்டர் பேயில் உள்ள கொன்ஃபெடறேஷன் கல்லூரி, சூ செய்ன்ற் மரியில் உள்ள சூ கல்லூரி, ரொறன்ரோவின் செனெக்கா ஆகிய அரச கல்லூரிகளில் பறப்புக் கற்கைநெறிகள் உண்டு. அங்கே இடம் எடுப்பது கடினம், ஆனால் அரச மாணவர் கடனுக்கு வழியுண்டு. தனியார் பள்ளி என்றால் ரி2202 படிவம் தருவார்களா, எந்த எந்த மணி நேரங்கள் கல்விக் கட்டணமாகச் சேரும் என்று சேர முன்னரே கேட்டு எழுதி வாங்குங்கள். பிள்ளை பயன்படுத்தாத கல்விக் கட்டணத்தில் ஒரு வருடத்துக்கு 5,000 டொலர் வரை மத்திய அரசின் வரிக் கணக்கில் தாய் தகப்பனுக்கு மாற்றலாம்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டுக் காசு மாதம் தவறாமல் கட்ட வேண்டிய காசு. மிதவை விமானத்தின் வருமானமோ ஏரி உருகும்போது தொடங்கி, உறையும்போது நின்றுவிடும். பனிக்காலத்தில் பிள்ளை வேலையிழப்புக் காப்புறுதியில் இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று கட்டிவிடாதீர்கள்.

வடக்கில் வசிப்போருக்கு ஒரு வரிக் கழிவு இருக்கிறது. பட்டியலிடப்பட்ட பகுதியில் தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். மே நடுவில் போய் ஒக்ரோபரில் திரும்பும் பிள்ளைக்கு அது சில வாரங்களால் தவறிப்போகும். பனிக்காலத்திலும் அங்கேயே நிற்கிற பிள்ளை கட்டாயம் கேட்க வேண்டிய கழிவு இது. வாடகைத் துண்டுகளை எறிய வேண்டாம்.

இனிப் பிணை ஒப்பந்தம். விமான வகைப் பயிற்சியைக் கம்பனி தந்துவிட்டு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ நிற்காமல் போனால் பல ஆயிரம் டொலர் திருப்பித் தா என்று எழுதி வாங்குவார்கள். தொகை மாதாமாதம் குறைகிறதா, கம்பனியே வேலையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்ற இரண்டு வரிகளையும் தேடிப் பாருங்கள். அவை இல்லாத ஒப்பந்தத்தில் பிள்ளை கையொப்பம் வைக்கக் கூடாது.

அடுத்தது கடதாசிகள். கனடாவில் விமானி உரிமம் எடுக்கக் குடியுரிமை தேவையில்லை. வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். பெரிய விமான நிலையங்களின் உட்பகுதிக்குப் போகப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு ஐந்து வருட முகவரியும் வேலை விபரமும் கேட்பார்கள். சிக்கல் வெளிநாட்டுக்குப் போகும்போதுதான். நிரந்தர வதிவுரிமை உள்ளவர் ஒவ்வொரு ஐந்து வருடத்திலும் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பொட்ஸ்வானாவிலும் மாலைதீவிலும் வெளிநாட்டுக் கம்பனியிடம் நாலு வருடம் ஓடிவிட்டு வந்தால் அந்த நாட்கள் நிரம்பாது. அகதியாக ஏற்கப்பட்டு வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வேலை விசாவுக்காக இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால், பாதுகாப்புத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு அகதி நிலையை நிறுத்த அரசு வழக்கு வைக்கலாம். 2012 முதல் அதனோடு நிரந்தர வதிவுரிமையும் போய்விடும். ஐந்து வருடத்தில் 1,095 நாட்களை முடித்து, குடியுரிமை எடுத்து, கனடியக் கடவுச்சீட்டோடு போகட்டும். ஆபிரிக்கா அங்கேதான் இருக்கும்.

போவதென்றால் இடங்கள் உண்டு. பொட்ஸ்வானாவின் மவுனில் இருந்து ஒக்கவாங்கோ சதுப்பு நிலத்துக்குள் உள்ள சஃபாரி முகாம்களுக்குச் செஸ்னா விமானங்கள் ஓடுகின்றன. குறைந்த மணி நேரத்தோடு போய்க் கதவு தட்டி வேலை எடுத்தவர்கள் அங்கே நிறைய. அவுஸ்திரேலியாவில் டார்வின், குனுனுரா பக்கம் மழையில்லாத மாதங்களில் ஆள் தேடுவார்கள். பப்புவா நியூகினியின் மலைச்சரிவு ஓடுபாதைகள் புதியவருக்கு உரியவை அல்ல. அலாஸ்காவுக்கு அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை வேண்டும். சிறு வாடகை விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்ட 500 மணி நேரமும் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அங்கே பயிற்சியைத் தொடங்கவே பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும்.

ஆபத்தை மறைத்து எழுதுவது சரியல்ல. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2019 இல் வெளியிட்ட ஆய்வு, வணிக விமானத்துறையின் மற்றெல்லாப் பிரிவுகளையும்விட வாடகைச் சிறு விமானப் பிரிவிலேயே விபத்தும் மரணமும் கூட என்று காட்டியது. பாதுகாப்பற்ற பழக்கங்களைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்வதை அது ஒரு காரணமாகச் சொன்னது. மேகம் இறங்கிய நாளில், கூடுதல் பாரத்தோடு, “மற்றவன் போனான், நீ ஏன் போகமாட்டாய்” என்று கேட்கும் முதலாளிக்கு மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பறந்த மைலுக்கோ மணிக்கோ சம்பளம் என்றால் அந்தச் சொல் வாயில் வருவது இன்னும் கடினம். இங்கேதான் கடனும் விமானத்துக்குள் ஏறுகிறது. தவணைக்குத் தாய் தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கும் பிள்ளை, போகக் கூடாத நாளிலும் போகும். கடனைப் பிள்ளை தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதை நான் வற்புறுத்துவது வட்டிக்காக மட்டுமல்ல. பிள்ளையின் பெயரில் ஆயுள் காப்புறுதி எடுக்கும்போது பறப்பு வேலையை மறைக்காமல் சொல்லி, விமான விபத்து விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். பல பத்திரங்களில் விலக்கப்பட்டுத்தான் இருக்கும்.

வேலை தேடுகிறவர்கள் மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மிதவைப் பருவத்துக்கு ஆள் எடுப்பது ஏரி உருகும் முன்னர், பெப்ரவரி முதல் ஏப்பிரல் வரை. காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய், ஒவ்வொரு தளத்திலும் தலைமை விமானியை நேரில் கண்டு பேச வேண்டும். ஒற்றைப் பக்க விபரக்கோவையின் மேலேயே மொத்த மணி நேரம், மிதவை மணி நேரம், மருத்துவச் சான்றிதழின் திகதி இருக்கட்டும். லொறி ஓட்டியது, தச்சு வேலை, இயந்திரம் கழற்றிப் பூட்டியது எல்லாவற்றையும் எழுதுங்கள், அங்கே அவற்றுக்கு மதிப்புண்டு. பறப்புப் பதிவேடு மையில், நாளுக்கு நாள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம்கூடக் கூட்டி எழுதக் கூடாது. விமானத்தின் பயணப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். போகும்போது அங்கே ஏற்கனவே தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் இங்கிருந்து எத்தனை பேர் ஆசனத்துக்கு ஏறினார்கள்?