எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை யாருக்கு, எப்போது? முடிவெடுக்கும் முன்பும் ஆபரேஷனுக்குப் பிறகும் தெரிந்திருக்க வேண்டியவை

"வாயைக் கட்டு, தானா குறையும்." உடல் எடை அதிகமாக உள்ள யாரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் அறிவுரை இது. வீட்டில், கல்யாண வீட்டில், ஆபீஸ் கேன்டீனில் என்று எங்கேயும் இலவசமாகக் கிடைக்கும். டயட், ஜிம், ஊசி என்று எல்லாம் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் செய்துகொண்டால் என்ன?" என்ற இடத்துக்கு நீங்கள் வந்திருக்கலாம். அல்லது உங்கள் அக்காவோ நண்பரோ வந்திருக்கலாம்.

விளம்பரங்கள் இதை 'ஈஸி' என்கின்றன. உறவினர்கள் 'உயிருக்கே ஆபத்து' என்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை. எண்களை வைத்துப் பார்க்கலாம்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை?

2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 24 சதவீதம் பேரும், ஆண்களில் 22.9 சதவீதம் பேரும் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் இது பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம். 2015-16 ஆய்வில் தமிழ்நாட்டின் எண்கள் முறையே 30.9, 28.2. ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டுமே சுமார் 9 சதவீதப் புள்ளிகள் ஏறியிருக்கின்றன.

இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மனக்கட்டுப்பாடு குறைந்துபோயிருக்காது. மரபணு, ஹார்மோன், தூக்கம், மன அழுத்தம், நாற்காலியிலேயே கழியும் வேலை நேரம், கையில் கிடைக்கும் உணவு எல்லாம் சேர்ந்துதான் எடையை முடிவு செய்கின்றன. அதனால்தான் மருத்துவ உலகம் உடல் பருமனை ஒரு நாள்பட்ட நோயாகப் பார்க்கிறது.

யாருக்கு இந்த சிகிச்சை?

பிஎம்ஐ என்பது எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) இருமடியால் வகுத்தால் வரும் எண். 1991 முதல் முப்பது ஆண்டுகளாக உலகம் பின்பற்றிய அளவுகோல் இது: பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை போன்ற நோயும் இருந்தால் அறுவை சிகிச்சை. 2022-இல் அமெரிக்க, சர்வதேச எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை சங்கங்கள் சேர்ந்து இதை மாற்றின. இப்போது 35-க்கு மேல் இருந்தால், வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30 முதல் 35 வரை இருந்து வளர்சிதை மாற்ற நோய் இருந்தால் பரிசீலிக்கலாம். ஆசிய மக்களுக்கு அந்த வரம்பு 27.5. குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதுதான் காரணம்.

இது வாய்ப்புக்கான வரம்புதான். வரம்பைத் தொட்ட எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை என்று அர்த்தம் இல்லை.

என்ன செய்கிறார்கள்?

இரண்டு முறைகள் முக்கியமானவை. முதலாவது ஸ்லீவ். இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவில் ஒரு குழாயாக்குகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியே குறைகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறிய பையை உருவாக்கி, அதை நேரடியாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். சாப்பாட்டின் அளவும் குறையும், சத்து உறிஞ்சப்படுவதும் குறையும், குடல் ஹார்மோன்களும் மாறும். சர்க்கரை நோய்க்கும் கடுமையான நெஞ்செரிச்சலுக்கும் பெரும்பாலும் இது பொருத்தம். ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூடவும் வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அந்தத் தொல்லை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டுமே லேப்ராஸ்கோபி முறையில், சிறு துளைகள் வழியாகவே பெரும்பாலும் செய்யப்படுகின்றன.

எவ்வளவு குறையும்? இந்தக் கணக்கைக் கவனியுங்கள்

'70 சதவீத எடைக் குறைப்பு' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது மொத்த எடையில் 70 சதவீதம் இல்லை, 'கூடுதல் எடை'யில் 70 சதவீதம்.

உதாரணமாக, உங்கள் உயரம் 165 செ.மீ., எடை 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ 25-க்கான எடை 68 கிலோ. அப்படியானால் கூடுதல் எடை 42 கிலோ. அதில் 70 சதவீதம் சுமார் 29 கிலோ. ஆக, நீங்கள் போய் நிற்கும் இடம் 81 கிலோ. மொத்த எடையில் குறைந்தது 27 சதவீதம்தான். ஆய்வுகளில் வரும் வழக்கமான எண்களும் இதை ஒட்டியவையே: ஸ்லீவில் மொத்த எடையில் சுமார் 25 சதவீதம், பைபாஸில் சுமார் 30 சதவீதம்.

81 கிலோவில் பிஎம்ஐ சுமார் 30. விளம்பரத்தில் வரும் 'ஆஃப்டர்' போட்டோ போல இருக்காது. ஆனால் முழங்கால் வலி, குறட்டை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பார்த்தால் 29 கிலோ என்பது பெரிய மாற்றம்.

சர்க்கரை போய்விடுமா?

பலருக்கு மாத்திரை குறையும், சிலருக்கு நின்றே போகும். 'ஸ்டாம்பீட்' என்ற அமெரிக்க ஆய்வில், கட்டுப்படாத சர்க்கரை உள்ள 150 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 6-க்குள் வந்தவர்கள்: மருந்து மட்டும் எடுத்த குழுவில் 5 சதவீதம், ஸ்லீவ் குழுவில் 23 சதவீதம், பைபாஸ் குழுவில் 29 சதவீதம். அறுவை சிகிச்சை தெளிவாக முன்னால் நிற்கிறது. அதே நேரம், ஆபரேஷன் செய்தவர்களில் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கைத் தொடவில்லை. சர்க்கரை வந்து எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை செய்கிறோமோ அவ்வளவு பலன் அதிகம்.

அப்போ ஊசி போதாதா?

2025 மார்ச்சில் மௌஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஊசிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. சிலருக்கு அதுவே போதும். ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வெகோவியில் உள்ள செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. மாதாமாதம் ஆகும் செலவை எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஊசியைத் தொடங்கி, பலனைப் பார்த்து, பிறகு ஆபரேஷன் பற்றி யோசிப்பதிலும் தவறில்லை.

ஆபத்து எவ்வளவு?

பெரிய பதிவேடுகளின்படி, முதல் 30 நாட்களில் இறப்பு சுமார் ஆயிரத்தில் ஒன்று. பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையோடு ஒப்பிடக்கூடிய அளவு. தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தப்போக்கு, காலில் ரத்தக்கட்டி ஆகியவை அரிதான ஆனால் தீவிரமான சிக்கல்கள்.

ஆனால் 'ஆயிரத்தில் ஒன்று' என்பது நல்ல வசதியும் அனுபவமும் உள்ள இடங்களின் சராசரி. 2024-இல் சென்னையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரித்து அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. 'எங்கே கம்மி ரேட்?' என்பதைவிட, 'அவசரம் என்றால் இங்கே ஐசியூ இருக்கிறதா?' என்பது முக்கியமான கேள்வி.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் நிறைய பேர் சிக்கிக்கொள்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்கு விதியின்படி, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்க, டாக்டரின் பரிந்துரை வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-லிருந்து 40-க்குள் என்றால், மற்ற வழிகள் பலன் தராமல் போயிருக்க வேண்டும். கூடவே இந்த நான்கில் ஒன்று இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை.

பிசிஓஎஸ், கொழுப்புக் கல்லீரல், முழங்கால் தேய்மானம் இந்தப் பட்டியலில் இல்லை.

அதே 165 செ.மீ. உயரத்துக்குக் கணக்குப் போட்டால், 2022 பரிந்துரையின் ஆசிய வரம்பு 75 கிலோவில் தொடங்குகிறது. இன்ஷூரன்ஸ் வரம்பு சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் 95 கிலோ, எந்த நோயும் இல்லாவிட்டால் 109 கிலோ. டாக்டர் 'செய்யலாம்' என்பார், கம்பெனி 'முடியாது' என்னும். இந்த இடைவெளியில் இருப்பவர்கள் சில லட்சம் ரூபாயைக் கையிலிருந்துதான் போட வேண்டும். கிளெய்முக்காக எடையை ஏற்றிக்கொள்ள யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆபரேஷனின் ஆபத்தும் சேர்ந்தே ஏறும்.

தனிநபர் பாலிசியில், ஏற்கனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆபீஸ் குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் அது இருக்காது, ஆனால் தனி உச்சவரம்பு இருக்கலாம். ஹெச்ஆரிடம் பாலிசி ஆவணத்தையே கேட்டு வாங்குங்கள். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு: வாரம் வாரமாக

பெரும்பாலானோர் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறார்கள். அன்றே நடக்கச் சொல்வார்கள், ரத்தக்கட்டியைத் தடுக்க அது அவசியம். கம்ப்யூட்டர் வேலை என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் திரும்பலாம். கனமான பொருள் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சூப், புரோட்டீன் பவுடர். அடுத்து மசித்த உணவு, பிறகு குழைந்த உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு. அட்டவணை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். உங்கள் டயட்டீஷியன் தருவதே இறுதி.

நம் சாப்பாட்டில் பெரிய சவால் புரதம். தினம் 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். வயிறோ சில வாய்க்குள் நிறைந்துவிடும். அதனால் தட்டில் முதலில் பருப்பு, முட்டை, மீன், பனீர். சாதம் கடைசியில். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் கழித்து மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க வேண்டும். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று ஓராண்டில் நிறுத்துகிறவர்களுக்கு ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் பின்னால் வந்து நிற்கும். சைவம் சாப்பிடுபவர்கள் பி12-இல் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

யாரும் முன்கூட்டியே சொல்லாதவை

மூன்றாவது மாதம் வாக்கில் முடி கொட்டும். சத்து சரியாக இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளரும்.

கருத்தரிக்கும் வாய்ப்பு எடை குறைந்ததும் கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம், வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள்.

டீம் பார்ட்டியில் பழைய அளவு மது குடித்தால் போதை வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். பைபாஸுக்குப் பிறகு மதுப் பழக்கம் சிக்கலாக மாறும் ஆபத்தும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தலைவலிக்கு இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடுவதும் வேண்டாம், புண் வரும்.

தோல் தொங்கலாம். சில ஆண்டுகளில் கொஞ்சம் எடை திரும்பலாம். அது தோல்வி இல்லை, திரும்ப டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம், அவ்வளவுதான்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

முதல் சில வாரங்களில் ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால், காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றாலும் அப்படியே. வைட்டமின் பி1 குறைந்து மூளையைப் பாதிக்கும்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

வருடத்துக்கு எத்தனை கேஸ் செய்கிறீர்கள்? எனக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை? பேக்கேஜில் சிக்கல் வந்தால் ஆகும் செலவு சேருமா? ஐந்து ஆண்டு ஃபாலோ-அப்பை யார் பார்ப்பார்கள்? டயட்டீஷியனும் மனநல ஆலோசகரும் டீமில் இருக்கிறார்களா?

இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லாமல் 'இந்த மாதம் ஆஃபர் இருக்கு' என்று சொல்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். எடை பல ஆண்டுகளாக ஏறியது. முடிவெடுக்க இன்னும் சில வாரம் எடுத்துக்கொள்வதால் எதுவும் கெட்டுவிடாது.

முடிவெடுத்த பிறகு, எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. "எப்படிக் குறைச்சே?" என்று கேட்பவர்களுக்கு "டாக்டர் பார்த்துக்கிட்டார்" என்றால் போதும். ஆனால் வீட்டில் ஒருவருக்காவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் நாடித்துடிப்பை எண்ணிப் பார்த்து ஆட்டோ பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.