எல்லாம் வெள்ளிதான் மக்கா

எங்க பாட்டாவுக்கு வானத்தில் மூன்றே பொருள்தான். சூரியன், சந்திரன், மற்றதெல்லாம் வெள்ளி. தோவாளைப் பக்கம் ராத்திரி வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவர். கையில் வாட்ச் கிடையாது. எந்த வெள்ளி எந்தத் தென்னைக்கு மேலே வந்தால் மடையை அடைக்கணும் என்பது அவருக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் அவரைத் திருத்தினேன். "விடிவெள்ளி நட்சத்திரம் இல்ல பாட்டா, அது கிரகம்."

"அப்பம் நேத்து வரைக்கும் அது என்னவா கெடந்துலே மக்கா?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் வானியலின் வரலாற்றில் பாதி அந்தக் கேள்விதான்.

சீரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1801இல் சிசிலியில் பியாசி கண்டுபிடித்தார். சில பத்தாண்டுகள் அதைக் கிரகம் என்றே எழுதினார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அதே மாதிரி நிறையக் கிடைக்கவும், சிறுகோள் என்று தனிப்பெயர் போட்டார்கள். 2006இல் புளூட்டோவைக் கீழே இறக்கி, சீரிஸை மேலே ஏற்றி, இரண்டையும் குறுங்கோள் என்றார்கள். கல் அதேதான். நாம் வைக்கிற பெட்டிதான் மாறியது.

இந்தப் பெட்டிகள் நிறைந்ததில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. ஒரு காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அந்தச் சமஸ்தானத்தின் அரசர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகம் தொடங்கினார். ஜான் கால்டிகாட் அதன் பொறுப்பாளர். 1843 மார்ச்சில் வந்த மாபெரும் வால்நட்சத்திரத்தை அவர் அங்கிருந்து அளந்தார். அதன் வால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல இரண்டு மடங்கு நீளம். பெயர்தான் நட்சத்திரம். உண்மையில் அது தூசியும் உறைபனியும் சேர்ந்த கட்டி. வெயில் பட்டு ஆவியாகும்போது வால் முளைக்கிறது. நாஞ்சில் வயல்களில் நின்றவர்களும் அதைப் பார்த்திருக்கத்தான் வேண்டும். அவர்கள் எழுதி வைக்கவில்லை.

அடுத்தது மெட்ராஸ். 1861இல் அங்கே நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் பெயரே ஆசியா. குறுக்களவு அறுபது கிலோமீட்டருக்குள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரம்கூட இல்லை.

அதே வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல், தெற்கே தாழ்வாகத் தெரிகிற ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டுபிடித்தார். இப்படிப்பட்டவை மாறொளிர் விண்மீன்கள். வயதான நட்சத்திரம் மூச்சு விடுவதுபோல வீங்கிச் சுருங்கும். இதற்கு ஒரு மூச்சு முடியச் சுமார் ஒன்பது மாதம். நவீன வானியலில் இந்தியர் ஒருவர் பெயரில் பதிவான ஆரம்பக் கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. அட்டவணையில் அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. ரகுநாதாச்சாரியின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவர் எழுதி வைத்தார். அதனால் இன்று நாம் சொல்கிறோம்.

பாட்டா எழுதவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை. எந்த வெள்ளி, எந்தத் தென்னை என்ற அந்தக் கணக்கு அவரோடு போய்விட்டது. தென்னையும் இப்போது இல்லை. அங்கே பிளாட் போட்டுவிட்டார்கள்.

போன பிப்ரவரியில் மொட்டைமாடியில் அக்கா மகளுக்கு வானம் காட்டினேன். தெற்கே பளிச்சென்று ஒன்று தெரிந்தது. அகத்திய நட்சத்திரம். சூரியனைவிட மிகப் பெரியது, சுமார் 310 ஒளியாண்டு தூரம். அன்றைக்கு எங்கள் கண்ணில் பட்ட ஒளி, 1741இல் குளச்சல் போர் நடப்பதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியது. அதற்குக் கொஞ்சம் கீழே, மேற்காக, வெறுங்கண்ணுக்கு எட்டாமல் ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் இருக்கிறது.

"அது கிரகமா, நட்சத்திரமா மாமா?" என்று கேட்டாள்.

சொன்னேன். பிறகு பாட்டா அதையெல்லாம் வெள்ளி என்றுதான் சொல்வார் என்பதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டு எடுத்து வந்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு நேர்மேலே அது வந்தபோது மணி என்ன என்று எழுதிக்கொண்டாள்.