பழைய காரின் கதவுகளைப் பராமரித்தல்

போன தை மாதம் எங்கள் காரின் பின்கதவு உள்ளிருந்தும் திறக்கவில்லை, வெளியிலிருந்தும் திறக்கவில்லை. எண்பது வயது அம்மாவை மற்றப் பக்கத்துக்கு மெல்ல மெல்ல நகர்த்தித்தான் இறக்கினோம். விபத்தென்றால் அந்த அவகாசம் கிடைத்திராது.

காரணம் சிறியது. பூட்டுக் கொக்கியிலிருந்த பழைய கிறீஸ் அழுக்கோடு சேர்ந்து குளிரில் இறுகிவிட்டது. அதைக் கழுவித் துடைத்து, வெள்ளை லிதியம் கிறீஸ் பூசினால் போதும். கதவு திறந்திருக்கும்போதே கொக்கியைத் திருகாணி முடுக்கியால் மூடி, கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். அது விடுபட்ட பிறகே கதவைச் சாத்தவேண்டும். இல்லாவிட்டால் பூட்டு நெளியும்.

துருதான் பெரிய எதிரி. மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது பழுதல்ல. அது அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளால் வெளியேறும்படிதான் கதவைச் செய்கிறார்கள். இலைத்தூளும் சேறும் துளைகளை அடைத்தால் நீர் தேங்கும். ரொறன்ரோ வீதிகளில் பனிக்காலத்தில் கொட்டும் உப்பும் சேர்ந்தால் தகடு உள்ளிருந்தே அரிபடும். வெளியே வர்ணம் கொப்புளிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும். கதவை அசைக்கும்போது தண்ணீர் சளசளத்தால் அன்றைக்கே துளைகளைப் பாருங்கள். பிளாஸ்ரிக் குச்சியால் குத்துங்கள். கம்பி வர்ணத்தைச் சுரண்டும். நாங்கள் இலையுதிர் காலத்தில் ஒருமுறை, உப்புக்காலம் முடிந்ததும் ஒருமுறை செய்கிறோம்.

கதவைப் பாதி திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் பிணைச்சல் ஆணி தேய்ந்திருக்கிறது. ஆணியும் அதன் உறையும் பெரிய விலையில்லை. ஆனால் கதவு பாரமானது, தாங்கிப் பிடிக்க இரண்டாவது ஆள் வேண்டும். தகடு உக்கியிருந்தால் ஒட்டுப்போடுவதைவிட, பழைய கார் உடைக்கும் இடத்தில் அதே நிறக் கதவு தேடுவது மலிவு. கணக்குப்படி எங்கள் கார் எப்போதோ தேய்மானத்தில் பூச்சியமாகிவிட்டது. ஆனாலும் வேலைக்குப் போவது அதில்தான்.

உள்பலகையைக் கழற்றுமுன் பற்றறியைத் துண்டித்துச் சில நிமிடம் பொறுங்கள். சில கார்களில் காற்றுப்பையின் உணரி கதவுக்குள் இருக்கும்.

றப்பர் ஓரங்களுக்குச் சிலிக்கோன் பூசினால் பனியில் ஒட்டாது. சாதாரண கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். உறைந்த கதவுக்குக் கொதிநீர் ஊற்றவேண்டாம்: கண்ணாடி வெடிக்கலாம், ஊற்றிய நீரும் திறப்புத் துளைக்குள்ளேயே மறுபடி உறையும்.