மறதி நோயும் உற்றார் உரைக்கும் சான்றும்

முதுமையில் மறதி இயல்பென்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். சாவியை வைத்த இடம் மறப்பது வேறு. சாவி எதற்கென்பதே மறப்பது வேறு. பின்னதை டிமென்ஷியா என்னும் நோயின் குறியாக மருத்துவர் கருதுவர். அந்நோயின் வரலாற்றில், உடன் வாழ்வோரின் சொல்லுக்குத் தொடக்கமுதலே தனியிடம் இருந்து வருகிறது.

1901 நவம்பரில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயது மாது சேர்க்கப்பட்டார். அவர் கணவர் ரயில்வே எழுத்தர். மனைவிக்குத் தம்மீது காரணமற்ற ஐயம் எழுந்ததும், நினைவு தளர்ந்ததும், சமையலில் பிழைகள் மிகுந்ததும் கணவர் வாயிலாகவே தெரியவந்தன. டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் அம்மாதிடம் வினாக்கள் கேட்டு, விடைகளை அவ்வாறே எழுதிக்கொண்டார். கணவர் பெயரைக் கேட்டபோது அவர் தம் பெயரையே சொன்னார். இறைச்சியும் பூக்கோசும் உண்டுகொண்டே, கீரை உண்பதாகச் சொன்னார். 1906இல் அவர் இறந்தபின் அல்ஸைமர் மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே முடிவை அறிவித்தார். 1910இல் கிரெப்பெலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே இட்டார்.

1975இல் அமெரிக்காவில், நினைவை அளக்கும் சிறு வினாத்தொகுதி ஒன்று தோன்றி உலகெங்கும் பரவிற்று. ஒரு வாக்கியம் எழுதுக என்பதும் அதில் ஒரு வினா. எழுத்தறியாதவர் என் செய்வார்? டில்லிக்கு அருகே பல்லப்கரில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர் கூடி அதனை இந்தியில் மாற்றியமைத்து 1995இல் வெளியிட்டனர். எழுதுவதற்கு மாறாக, வீட்டைப்பற்றி ஏதேனும் சொல்லும்படி கேட்டனர். முதியவரின் அன்றாட நடவடிக்கைகளைக் குடும்பத்தாரிடம் கேட்டறியவும் தனி வினாப்பட்டியல் வகுத்தனர்.

இவ்வரலாறு நமக்கு மிக நெருங்கியது. இந்தியாவில் 60 வயது கடந்தோருள் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டென்று 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. டில்லியிலும் மும்பையிலும் மக்களோடு வந்து தங்கும் நம் பெற்றோருள் பலர் தமிழன்றி வேறு மொழி அறியார். இந்தியில் கேட்ட வினா விளங்காமல் விழித்தால், மொழியறியாமை நோயாகத் தோன்றக்கூடும்; நோயே மொழியறியாமையாக மறைந்துவிடவும் கூடும்.

ஆகவே மொழிபெயர்ப்பவர் அன்பின் மிகுதியால் விடையைத் திருத்திவிடலாகாது. தவறான விடையைத் தவறாகவே சொல்லவேண்டும். ஆங்கில மாதம் தெரியாதவருக்கு ஆடியா, ஆவணியா என்பது தெரிந்திருக்கலாம். அதனை டாக்டரிடம் எடுத்துரைக்கவேண்டும். மாற்றம் எப்போது தொடங்கிற்று, மெல்ல வந்ததா, திடீரென வந்ததா, உண்ணும் மருந்துகள் யாவை என்பனவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது நலம். தைராய்டு சுரப்பிக் குறைவும், பி12 வைட்டமின் குறைவும், சில மருந்துகளும்கூட நினைவைக் குழப்பும். இவை சீர்செய்யத் தக்கவை. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கண்டால் தாமதியாது மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பகலெல்லாம் முதியவரோடு இருப்பவர் பெரும்பாலும் மருமகள். டாக்டரிடம் பேசுபவரோ மாலையில் வீடு திரும்பும் மகன். மருமகளையும் உள்ளே அழைத்துச் செல்வோம். முதியவர்முன் அவர் குறைகளை அடுக்குவது முறையன்று; ஆதலின் தனியே பேசச் சிறிது நேரம் கேட்போம். இரவுத் தூக்கமின்றிப் பணிவிடை செய்வோர் தம் களைப்பையும் மறையாது சொல்லட்டும். மருத்துவர் அறியவேண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

பிராங்பர்ட்டில் அல்ஸைமர் எழுதிய குறிப்பேடு 1995இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. நோயாளியின் விடைகளோடு கணவர் தந்த செய்திகளும் அதில் நின்று நிலவுகின்றன. நம் வீட்டு முதியவரைப்பற்றி எழுதப்படும் ஏட்டிலும், அவரை நன்கறிந்தவரின் சொல் இடம் பெறட்டும்.