இருட்டும் செய்தித்தாளும்

திருவண்ணாமலை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பே எங்கள் வேங்கிக்கால் காக்கி மயமாகிவிடும். எல்லாம் வெளிமாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்கு வருகிறவர்கள். போன தீபத்தின்போது கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஒரு ஏட்டு ஷூ லேஸைத் தளர்த்திவிட்டு, பன்னை டீயில் நனைத்தபடி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். ஓடியது 'புலன் விசாரணை'. அதையும் அதற்கு மூன்றரை வருஷம் முந்திய 'ஊமை விழிகள்' படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு அங்கேதான் பிறந்தது.

இரண்டிலும் பெண்கள் காணாமல் போகிறார்கள். இரண்டிலும் விஜயகாந்த்தான் போலீஸ் அதிகாரி. இரண்டுமே புது இயக்குநர்களின் முதல் படம். ஒற்றுமை அவ்வளவுதான்.

'ஊமை விழிகள்' 1986 ஆகஸ்ட் 15இல் வந்தது. ஆபாவாணன், அரவிந்த்ராஜ் என்று அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த பையன்கள் சேர்ந்து எடுத்த படம். பெரிய கம்பெனிகளின் பணம் இல்லை, ஆனால் சினிமாஸ்கோப் ஆசை மட்டும் இருந்தது. அந்த அகலத்தை அவர்கள் எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்று பாருங்கள்: வெட்டவெளி, கும்மிருட்டு, ஒரு குதிரை வண்டி, ஒரு கிழவி, மணிச்சத்தம். இருட்டுக்கு செட் செலவு கிடையாது. கொலைகாரன் யார் என்பதைவிட அந்த மணி அடுத்து எப்போது கேட்கும் என்பதுதான் வயிற்றைப் பிசையும். அவன் ஏன் கொல்கிறான் என்று கடைசியில் சொல்லும் காரணம், ஒருத்தி ஏமாற்றினாளாம், அன்றும் சப்பை, இன்றும் சப்பை. அதனால் பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

1990 பொங்கலுக்கு வந்த 'புலன் விசாரணை'யில் இந்த மர்மமே கிடையாது. ஆர்.கே. செல்வமணிக்குக் கதை தினசரிகளிலேயே கிடைத்தது. திருவான்மியூரில் ஆட்டோ சங்கர் கும்பல் ஆட்களைக் கொன்று வீட்டுக்குள்ளேயே புதைத்துப் பூசிய வழக்கு அப்போது டீக்கடை பெஞ்சு வரை நாறிக்கொண்டிருந்தது. ஊமை விழிகளில் பெண்கள் காணாமல் போகும் பிக்னிக் கிராமம் எந்த வரைபடத்திலும் இல்லை. இதற்கோ பஸ் ஏறிப்போய்ப் பார்க்கக்கூடிய விலாசம் இருந்தது. அந்த நினைப்போடு உட்கார்ந்தவனுக்கு எந்த வெறும் சுவரும் வெறும் சுவராகத் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. படம் வந்தபோது வழக்கில் தீர்ப்பே வரவில்லை. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை சொன்னது 1991 மே மாதம். சேலம் சிறையில் அது நிறைவேறியது 1995 ஏப்ரலில். கோர்ட்டுக்குப் பதினாறு மாதம் முன்பே தியேட்டரில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அமெரிக்காவில் சோடியாக் கொலையாளி சிக்காமலே இருக்க, 1971இல் 'டர்ட்டி ஹாரி' படம் அவன் சாயலில் ஒருவனைத் திரையில் சுட்டுத் தள்ளியதும் இதே அவசரம்தான். இப்படித் திரையில் தீர்ப்பு விழும்போது தியேட்டரில் எழும் விசில் எனக்கும் புரிகிறது. ஆனால் 'புலன் விசாரணை'யில் பெண்கள் சித்திரவதைப்படும் காட்சிகளில் கேமரா தேவைக்கு மேல் நின்று பார்க்கிறது. அங்கே எழுந்த விசிலை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

போலீஸ்காரரும் இரண்டில் வேறு வேறு ஆள். ஊமை விழிகளில் டி.எஸ்.பி. தீனதயாளனாக விஜயகாந்த் வருவதற்குள் பாதிச் சண்டையைப் பத்திரிகைக்காரர்கள் போட்டு முடித்திருப்பார்கள். ஜெய்சங்கர் ஆசிரியர், சந்திரசேகர் நிருபர். அடி வாங்குவதும் இழப்பதும் அவர்கள். பி.பி. ஸ்ரீனிவாஸும் ஆபாவாணனும் பாடிய, பிறகு ஈழம் வரைக்கும் போய் ஒலித்த 'தோல்வி நிலையென நினைத்தால்' பாட்டு, அவர்களுக்கானது. புலன் விசாரணையில் எல்லாப் பாரமும் ஒரே சட்டையில். கண் சிவக்க வசனம், பாய்ச்சல், சுவரில் உதைத்துத் திரும்பும் கால். முதல் தடவை பார்க்க இதுதான் விறுவிறுப்பு. ராத்திரி ஏரிக்கரைப் பக்கம் தனியாக வண்டியில் வரும்போது என் கூட வருவது என்னவோ அந்த மணிச்சத்தம்தான்.

டீக்கடையில் கிளைமாக்ஸ் முடிந்தது. "நிஜத்துல இவ்ளோ வேகமா முடியுமா சார்?" என்றேன்.

ஏட்டு லேஸைக் கட்டிக்கொண்டே, "முடியும். எழுதற வேலை இல்லன்னா முடியும். இத்தன பேர அடிச்சாரே, ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டாரா பாருங்க" என்றார். காசைக் கொடுத்துவிட்டு, கிரிவலக் கூட்டத்துக்குக் கயிறு பிடிக்கப் போனார்.