சிறு பாய்மரப் படகில் கடலோரப் பயணம்: அறிந்துகொள்ள வேண்டிய உடல்நலக் குறிப்புகள்

ஜவ்வாது மலைப் பகுதியில் வாழ்வோருக்குப் படகுப் பயணம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஜமுனாமரத்தூரில் உள்ள கோமுட்டேரி படகு இல்லம். கரை கண்ணெதிரே தெரியும் ஏரியில் படகில் செல்வதும், கடலில் சிறு பாய்மரப் படகில் செல்வதும் ஒன்றல்ல. அலை, காற்று, வெயில், உப்புநீர் ஆகிய நான்கும் கடலில் உடலை ஒரே நேரத்தில் சோதிக்கும். விடுமுறையில் கடற்கரைக்குச் சென்று பாய்மரப் படகில் ஏற விரும்புவோர் கீழ்க்காணும் குறிப்புகளை முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது.

கடற்பயண மயக்கம் ஏன் ஏற்படுகிறது?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் மலைப்பாதை வளைவுகளில் பேருந்தில் குமட்டல் ஏற்படுபவரா நீங்கள்? அப்படியானால் கடலிலும் அது ஏற்பட வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உடலின் அசைவை உட்செவி உணர்கிறது. ஆனால் கண் அருகிலுள்ள அசையாத பொருளையே பார்க்கிறது. இவ்விரு தகவல்களும் ஒத்துப்போகாதபோது தலைச்சுற்றல், வியர்வை, குமட்டல், வாந்தி ஆகியவை தோன்றுகின்றன.

தடுக்கும் வழிகள்:
• படகின் நடுப்பகுதியில் அமருங்கள். அங்கு ஆட்டம் குறைவு.
• கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். கைபேசி பார்ப்பதையும் படிப்பதையும் தவிருங்கள்.
• வெறும் வயிற்றோடும், வயிறு நிறைய உண்ட பின்னும் ஏற வேண்டாம். இட்லி போன்ற எளிய உணவு போதும்.
• மாத்திரை தேவைப்படுவோர் மருத்துவரின் ஆலோசனை பெற்று, புறப்படுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். இவ்வகை மாத்திரைகள் பல தூக்கக் கலக்கம் தரும். படகைச் செலுத்துபவர் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வெயிலும் நீரிழப்பும்

காற்று வீசுவதால் கடலில் வெயிலின் கடுமை தெரியாது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் தோலைச் சுடும். முழுக்கைச் சட்டை, நாடாவுடன் கூடிய தொப்பி, கண்ணாடி ஆகியவற்றை அணியுங்கள். தாகம் எடுக்கும் முன்பே சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகுங்கள். எவ்வளவு தாகமானாலும் கடல்நீரைக் குடிக்கக் கூடாது. அது நீரிழப்பை மேலும் கூட்டும். வாந்தி எடுத்தவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறு மிடறுகளாகக் கொடுங்கள். குழப்பமான பேச்சு, கடும் காய்ச்சல், மயக்கம் ஆகியவை வெப்ப வாத நோயின் அறிகுறிகள். உடனே உடலைக் குளிர்வித்துக் கரைக்குத் திரும்ப வேண்டும்.

உயிர்காப்புச் சட்டை

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். உயிர்காப்புச் சட்டையைப் படகில் வைத்திருந்தால் போதாது. கரையிலேயே அணிந்து வார்களை இறுக்கிக் கட்ட வேண்டும். விழுந்த பின் அலையில் அதை அணிவது மிகக் கடினம். நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கேற்ற அளவுள்ள சட்டை தேவை. மது அருந்தியவர் படகில் ஏறக் கூடாது.

காற்று திசை மாறும்போது பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் கட்டை வேகமாகக் குறுக்கே வீசும். தலையைத் தாழ்த்தி அமர்வது தலைக்காயத்தைத் தவிர்க்கும்.

படகு கவிழ்ந்தால்

கரையை நோக்கி நீந்த முயலாமல் படகைப் பிடித்துக்கொண்டே மிதக்க வேண்டும். தனி மனிதரின் தலையைவிடப் படகு எளிதாகக் கண்ணில் படும். 2018 செப்டம்பரில், கோல்டன் குளோப் போட்டியில் தனியே பாய்மரப் படகு செலுத்திய இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி முதுகெலும்பில் காயமுற்றார். பாய்மரம் முறிந்த நிலையிலும் அவர் படகிலேயே இருந்தார். அவரது இருப்பிடம் அறியப்பட்டிருந்தது. பிரெஞ்சுக் கப்பலான ஒசிரிஸ் அவரை மீட்டது. தேர்ந்த மாலுமிக்கே இந்நிலை எனில், நீங்கள் செல்லும் திசையையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்வது எத்துணை அவசியம் என்பது விளங்கும்.

மூழ்கியவருக்கு முதலுதவி

• தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறு. இவை நேரத்தை வீணாக்குவதோடு, வாந்தி நுரையீரலுக்குள் செல்லவும் காரணமாகும்.
• மூச்சு இல்லையெனில், மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னே சாய்த்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும்.
• பின்னர் மார்பின் நடுவே 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு ஊதுவதைத் தொடர வேண்டும். அழுத்தம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை இருக்கலாம்.
• கண்விழித்து நலமாகப் பேசினாலும் மருத்துவமனையில் பரிசோதனை தேவை. மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும்.

எப்போது செல்லக் கூடாது?

இந்திய வானிலை ஆய்வு மையம் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவித்த நாளிலும், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாளிலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. வலிப்பு நோய், இதய நோய் உள்ளோரும் கர்ப்பிணிகளும் புறப்படும் முன் தங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

அவசர உதவி எண்கள்: அவசர ஊர்தி 108; இந்தியக் கடலோரக் காவல்படை 1554; தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இவற்றைக் கைபேசியில் பதிந்து, கைபேசியை நீர்புகாத உறையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள்.