அரைமணி நேரச் சோறு

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய வரலாற்றைச் சொல்வோர், பி.பி. வாடியாவிடமிருந்தோ திரு.வி.க.விடமிருந்தோ தொடங்குவது வழக்கம். எனக்கு அதைப் பெரம்பூர்க் கடையொன்றிலிருந்து தொடங்கவே விருப்பம்.

பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் தங்கள் குறைகளை முதலில் கொட்டியது செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜலு நாயுடுவிடமும்தான். இருவரும் வணிகர்கள்; பக்திச் சபை நடத்தியவர்கள். ஆலைக்குள் கேட்க ஆளில்லாததால் கடைக்காரரிடம் வந்தார்கள். அவர்கள் சொன்னவற்றுள் ஒன்று, நண்பகல் உணவுக்குக் கிடைத்தது அரைமணி நேரமே என்பது. வெள்ளைக்கார மேற்பார்வையாளர்களின் வசவும் அடியும் மற்றொன்று. வணிகர் இருவரும் வாடியாவை நாடினர், சங்கம் பிறந்தது, உணவு இடைவேளை நாற்பது நிமிடமாயிற்று. பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சங்கொலிக்குச் செவி சாய்த்திருப்பவனுக்கு அது சிறிதன்று.

1920-ல் மோதல் முற்றியபோது ஆலை நிர்வாகம் வாடியாவுக்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே வழக்குக்குரிய செயலாகிவிடும் என்ற அச்சத்திலிருந்துதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கான கோரிக்கை வலுப்பெற்றது. இந்தியா முழுமைக்குமான அச்சட்டத்தின் வேர் நம் பெரம்பூரில் இருப்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

ஆலைகள் போயின. தொழில் மேற்கே நகர்ந்தது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்கோள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் உற்பத்தி. 2014-ல் அதன் மூடல். ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நிறுவனப் பேருந்துகள் நள்ளிரவிலும் ஓடும் நிலமாயிற்று.

அங்கும் உணவே மறுபடி வெடித்தது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஓர் அறையில் பலர் தரையில் படுத்துறங்கும் விடுதிகள் அவை. சேர்க்கப்பட்டவர்களில் சிலர் இறந்துவிட்டனர் என்று வதந்தி பரவிற்று. அதை மறுக்க நம்பத்தகுந்த ஒருவர்கூட அப்பெண்களுக்கு இல்லை. விடுதிக் காப்பாளருமில்லை, ஒப்பந்த முகவருமில்லை. டிசம்பர் 17 இரவு தொடங்கிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். சிகிச்சையிலிருந்த தோழியரை மாவட்ட ஆட்சியர் காணொளி அழைப்பில் காட்டிய பின்னரே பலர் எழுந்தனர். சுமார் 17,000 பேர் வேலைபார்த்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. ஆப்பிள் நிறுவனமே அதைக் கண்காணிப்பில் வைத்தது. பல்லாயிரம் பெண்களை வேலைக்கு எடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தோழி உயிரோடிருக்கிறாளா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லாமற்போனதே எனக்கு நஞ்சுணவைவிடப் பெருங்குற்றமாகத் தோன்றுகிறது.

வேலை நாளை நீட்டும் ஆசையும் விடவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிற்று. எதிர்ப்புக்குப் பின், அவ்வாண்டு மே நாளன்று திரும்பப்பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறாண்டு!

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். ஒவ்வொரு பொருளையும் பத்துப் பதினைந்து நொடிகளில் முடிக்க வேண்டும், நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல் நிற்க வேண்டும் என்றனர். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆயினும், தலையாய கோரிக்கை தம் சங்கத்துக்கு அங்கீகாரம். 37 நாள் வேலைநிறுத்தம் முடிந்தபோதும் பதிவு கிட்டவில்லை. பெரம்பூர் ஈன்ற அதே 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பெயரைப் பதிவேட்டில் ஏற்ற, அவர்கள் உயர்நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2025 ஜனவரி இறுதியில் பதிவு கிடைத்தது. பிப்ரவரி தொடக்கத்திலேயே சங்க நிர்வாகிகள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆலைக்குள் உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கிற்று.